பொம்மை வீட்டு கிட்: கோளாறு தெரியும் இடமும் பிறந்த இடமும்

மரப் பொம்மை வீட்டை கிட் வாங்கி முதன்முறையாகக் கட்டும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, தெரியும் இடத்தில் பிறந்தவையாக இருப்பதில்லை. கூரை பொருந்தவில்லை என்றால் சுவரைப் பாருங்கள். சுவர் சாய்கிறது என்றால் தரையைப் பாருங்கள். தரை வளைந்திருந்தால், பெட்டி பிரிக்காமல் எந்த மூலையில் எப்படிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது என்று யோசியுங்கள். ஒரு படி பின்னால் போய்த் தேடும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் அந்த வரிசையில்தான் காரணம் சொல்கிறேன்.

3 மி.மீ. பிளைவுட்டில் அச்சால் அல்லது லேசரால் வெட்டி வரும், ஒரு துண்டின் நீட்டியிருக்கும் நாக்கை மற்றொன்றின் பள்ளமான காடியில் செருகிக் கட்டும் வகை வீடுகளையே மனத்தில் வைத்திருக்கிறேன். அளவு 1:12. நிஜ வீட்டின் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். 1:24 அளவில் வரும் சிறிய அறை கிட்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் எந்தக் கோளாறு வருவதற்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பசையைத் திறப்பதற்கு முன், வீட்டின் கூட்டை மாஸ்கிங் டேப்பால் மட்டும் ஒட்டி நிறுத்திப் பாருங்கள். தரை, சுவர், மேல்தளம், கூரை எல்லாம் நிற்க வேண்டும். இதற்கு ஒரு மாலை நேரம் செலவாகும். இதைத் தாண்டிச் செல்கிறவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பின் பிற்பகுதி அதிகம் தேவைப்படுகிறது.

துண்டு பலகையிலிருந்து பிரிய மறுக்கிறது, பிரித்தால் சிம்பு தெறிக்கிறது

அச்சால் வெட்டிய கிட்டில் இது சாதாரணம். வெட்டும் அச்சு ஒரு பக்கத்திலிருந்து அழுத்துகிறது. அது மழுங்கியிருந்தால் மேல் அடுக்கு அறுபடும். அடி அடுக்கு நசுங்கி நிற்கும். விரலால் அழுத்தித் தள்ளினால் அந்த அடி அடுக்கு நீளமாகக் கிழிந்துகொண்டு வரும். தள்ளாதீர்கள். பலகையைத் திருப்பி, வெட்டுக்கோடு லேசாகத் தெரியும் இடமெல்லாம் கூரிய கத்தியால் இரண்டு மூன்று முறை மெல்லக் கீறுங்கள். சன்னல் கம்பிகள், வேலைப்பாடுள்ள ஓரங்கள் போன்ற மெலிந்த துண்டுகளுக்கு, பின்பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுக் கீறினால் சிம்பு எழாது. பிரித்தபின் 220 எண் உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்துவிடுங்கள்.

பெரிய சிம்பு பெயர்ந்துவிட்டால் எறிந்துவிடாதீர்கள். ஊசி முனையில் பசை எடுத்து அதே இடத்தில் ஒட்டி டேப் சுற்றி வைத்தால், வண்ணத்துக்குப் பின் தடம் தெரியாது.

லேசர் வெட்டில் சிம்பு வராது. அங்கே தொல்லை கரி. கருகிய ஓரத்தைத் தொட்ட விரலால் சுவரைத் தொட்டால் கறை ஒட்டிக்கொள்ளும், கரிமேல் பசையும் சரியாகப் பிடிக்காது. பசை படும் ஓரங்களை மட்டுமாவது, பழுப்பு கொஞ்சம் வெளுக்கும் வரை தேய்த்துவிடுங்கள். அதிகம் தேய்த்தால் நாக்கு மெலிந்து காடியில் ஆடும்.

எந்தத் துண்டு எது என்று தெரியவில்லை

பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் பின்புறமும் பென்சிலால் எண் எழுதுங்கள். மார்க்கர் வேண்டாம், அதன் மை எத்தனை பூச்சு வண்ணம் அடித்தாலும் ஊறி மேலே வரும். எழுதாமல் பிரித்துவிட்டீர்களா? துண்டுகள் போனபின் எஞ்சும் பலகைச் சட்டத்தைக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள். சந்தேகமான துண்டை அதன் ஓட்டைகளில் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வீடு முழுதாக எழும்பும் வரை அந்தச் சட்டங்கள் உங்களிடம் இருக்கட்டும். ஏதாவது துண்டு உடைந்தால் மாற்றுத்துண்டு வெட்டவும் அந்த மரமே உதவும்.

பலகை வளைந்திருக்கிறது

இதைக் கண்டதும் மனம் சோர்ந்து கிட்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பல சமயம் அது தேவையில்லை. மூன்றே அடுக்குள்ள மெல்லிய பிளைவுட் காற்றின் ஈரத்துக்கு உடனே அசைந்து கொடுக்கும். ஈரம் ஏறிய பக்கம் விரியும், காய்ந்த பக்கம் சுருங்கும். ஆகவே குழிந்திருக்கும் பக்கமே காய்ந்த பக்கம். அந்தப் பக்கத்தை மட்டும், நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். மேலும் கீழும் வெற்றுத்தாள் வைத்து, இரண்டு மட்டமான பலகைகளுக்கு நடுவே எடை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தவுடன் ஆராயாமல், திறந்த காற்றில் சில மணி நேரம் வைத்தபின் பாருங்கள். உண்மையான நிலை அப்போதுதான் தெரியும். சற்று மீதி இருந்தால் மீண்டும் ஒருமுறை.

வளைவிலும் இரண்டு வகை உண்டு. பலகை வில்லாக ஒரே திசையில் வளைந்திருந்தால் கவலை இல்லை. அதன் நான்கு ஓரங்களிலும் சுவரும் தரையும் காடியில் பிடித்தவுடன் அதுவே நிமிர்ந்துவிடும். எதிரெதிர் மூலைகள் தூக்கி, பலகை முறுக்கிக்கொண்டிருந்தால் அது வேறு. முறுக்கிய பலகையை அடித்தளமாக வைத்தால் மேலே வரும் ஒவ்வொன்றும் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும். எடை வைத்தும் சரியாகவில்லை என்றால், அதை அச்சாக வைத்துப் புதிய 3 மி.மீ. பிளைவுட்டில் கோடு வரைந்து வெட்டுவதே நல்லது. தச்சுக்கடையில் ஒரு துண்டு கேட்டால் கிடைக்கும். முறுக்கு அடித்தளத்தில் இல்லாமல் உள்தடுப்பில் இருந்தால், அதைச் சுற்றியுள்ளவை இழுத்துப் பிடிக்கும், விட்டுவிடுங்கள்.

கட்ட ஆரம்பித்தபின் வளைந்தால் காரணம் பெரும்பாலும் நாம்தான் பூசியது. ஒரு பக்கம் மட்டும் வண்ணமோ சுவர்த்தாளோ ஏறினால் பலகை அந்தப் பக்கத்தோடு இழுபடும். தண்ணீர் கலந்த வண்ணம் முதலில் அந்தப் பக்கத்தை உப்ப வைக்கும். காயும்போது சுருங்கித் தன் பக்கமாக இழுக்கும். இரண்டு பக்கமும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, தட்டையாகக் கிடத்திக் காயவிடுங்கள். சுவரில் சாத்திக் காயவைத்த பலகை தன் எடையாலேயே வளையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர ஊர்களில் வேலை செய்பவர்கள், பெட்டியைத் திறந்து பலகைகளை வேலை செய்யப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று நாள் தட்டையாக வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அந்த அறையின் ஈரத்துக்கு மரம் பழகிக்கொள்ளும்.

நாக்கு காடிக்குள் போகவில்லை

முதலில் சரியான துண்டா, சரியான பக்கமா என்று பாருங்கள். இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்கும் சுவர்கள் இந்தக் குழப்பத்தை அடிக்கடி தரும். துண்டு சரி என்றால், காடிக்குள் சிம்பும் தூளும் அடைத்திருக்கலாம்; அல்லது வண்ணம் அடித்ததால் பலகை தடித்திருக்கலாம். சிறிய தட்டை அரத்தால் காடியின் உட்பக்கத்தைச் சீவுங்கள். கை எப்போதும் காடியைத்தான் தேட வேண்டும், நாக்கைச் சீவக்கூடாது. நாக்கின் மேலடுக்கு போனால் பலம் போய்விடும்.

மயிரிழைதான் தடிமன் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நாக்கை மென்மையான வாயுள்ள குறட்டால் இரண்டு பக்கமும் லேசாக நசுக்குங்கள். எளிதில் உள்ளே போகும். பசையின் ஈரம் பட்டதும் நசுங்கிய மரம் மீண்டும் உப்பி இறுகிக்கொள்ளும். சுத்தியலால் மட்டும் அடிக்காதீர்கள்.

காடி பெரிதாகி நாக்கு ஆடினால், மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கும் பழக்கத்தைவிட, பலகைச் சட்டத்திலிருந்து உரித்த மெல்லிய மரச்சீவலை ஆப்பாக வைப்பது உறுதி.

சுவர் சாய்கிறது, வீடு மேசைமேல் ஆடுகிறது

இந்தக் கோளாறில்தான் அதிகப் பொறுமை வேண்டும். மாடிப்படி, சன்னல், கூரை எல்லாவற்றின் தலையெழுத்தும் இங்கே எழுதப்படுகிறது.

ஆட்டம் வீட்டிலா, மேசையிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வீட்டை அப்படியே அரை வட்டம் திருப்பி வையுங்கள். தூக்கி நின்ற மூலை வீட்டோடு சேர்ந்து இடம் மாறினால் குறை வீட்டில். மேசையின் அதே இடத்தில் தொடர்ந்து இடைவெளி தெரிந்தால் குறை மேசையில். மட்டமில்லாத மேசையில் கட்டிய வீடு, காய்ந்தபின் அந்த மேசைக்கு மட்டுமே பொருந்தும். தடித்த கண்ணாடிப் பலகையோ, வளைவில்லாத பழைய கதவுப் பலகையோ கிடைத்தால் அதன்மேல் வைத்துக் கட்டுங்கள்.

அடுத்து மூலைவிட்டம். தரையின்மேல் நிற்கும் சுவர்களின் உட்புறம், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்து, மற்ற இரு மூலைகளுக்கும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் அறை சதுரமாக நிற்கிறது. 1 மி.மீ. வேறுபாட்டைக் கண்டுகொள்ள வேண்டாம். 3 மி.மீ. வந்தால் கூரையில் கட்டாயம் தெரியும். மூன்றே சுவர்தான், முன்பக்கம் திறந்திருக்கிறது என்றாலும் இதே அளவை வேலை செய்யும். சுவர் தரைக்கு நேர்நிலையா என்று பார்க்க மூலைமட்டம் வேண்டும். கையில் இல்லையென்றால் கொத்தனார் அஸ்திவாரத்தில் போடும் 3, 4, 5 கணக்கைப் பயன்படுத்துங்கள். மூலையிலிருந்து தரையில் 3 அங்குலம், சுவரில் 4 அங்குலம் குறித்தால், இரு குறிகளுக்கும் இடையே 5 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் சுவர் உள்ளே சாய்கிறது, கூடினால் வெளியே.

பசை ஈரமாக இருக்கும்போது கண்டுவிட்டால் நிமிடத்தில் தீரும். நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் வழியே மாஸ்கிங் டேப்பை ஒரு சுவரின் மேல்மூலையிலிருந்து எதிர்மூலை வரை இழுத்து ஒட்டுங்கள். அளவுகள் சமமாகும் வரை இழுப்பைக் கூட்டுங்கள். உள்மூலைகளில் சதுரமான மரக்கட்டைகளை நெருக்கி வைத்து, பசை முழுதாக இறுகும் வரை அப்படியே விடுங்கள். கட்டையில் பசை ஒட்டாமல் இருக்க பாலித்தீன் சுற்றிக்கொள்ளலாம்.

காய்ந்தபின் தெரிந்தால்? ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, நீர்ப்புகா வகையாக இல்லாவிட்டால், வெதுவெதுப்பான வினிகருக்கு இளகும். தூரிகையால் இணைப்பு நெடுக வினிகர் தடவி, சற்று ஊறவிட்டு, தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டி, மெல்லிய தகட்டுக் கத்தியை நுழைத்து இம்மி இம்மியாகப் பிரியுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் பிளைவுட்டின் மேலடுக்கு பசையோடு வந்துவிடும். பிரித்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.

எப்போது பிரிக்க வேண்டும் என்பதில் என் கருத்து உறுதியானது. கீழ்த்தளம் மட்டும்தான் நிற்கிறது என்றால் தயங்காமல் பிரியுங்கள். மேல்தளமும் ஏறிவிட்டால் பிரிக்காதீர்கள். நல்ல இணைப்புகளும் சேர்ந்து நாசமாகும். அப்போது கூரையைக் கோணலுக்கு ஏற்றாற்போலச் சீவி ஒப்பேற்றுவதுதான் வழி.

ஒட்டிய இடம் விட்டுப்போகிறது

வெள்ளைப் பசை வெற்று மரத்தில்தான் ஊறிப் பிடிக்கும். வண்ணம் அடித்த ஓரத்தில் ஒட்டினால் அது வண்ணத்தைத்தான் பிடிக்கிறது, மரத்தை இல்லை. இணைப்பு வரும் இடங்களில் வண்ணத்துக்கு முன்பே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். மறந்திருந்தால் மரம் தெரியும் வரை சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். அரை மணி நேரமாவது கிளாம்ப், துணிக் கிளிப், டேப் என்று ஏதாவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முழு வலிமை வர 24 மணி நேரம், மழைக்காலத்தில் அதற்கும் மேல்.

சூட்டுப் பசைத் துப்பாக்கி வேகமானது என்று பலரும் சொல்வார்கள். கூட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். அது தடித்த படலமாக நின்று இணைப்பை முழுதாக மூடவிடாது, கோடை வெயிலில் மூடிய அறையில் இளகவும் செய்யும். தளவாடங்களை நிலையாக வைக்க வேண்டுமானால் சரி.

மரத்துக்குச் சாயம் ஏற்றினால், பசை சிந்திய இடம் வெளிறிய திட்டாக நிற்கும். பசை படிந்த மரம் சாயத்தைக் குடிக்காது. சாயம் ஏற்றும் துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். திட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டால் சுரண்டித் தேய்க்க வேண்டும். அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சாயம் பூசினால் சுற்றுப்புறம்தான் கறுக்கும்.

மாடிப்படி மேல்தளத்தை எட்டவில்லை

படியை நீட்ட முயலாதீர்கள். மேல்தளம் காடியில் முழுதாக இறங்கி உட்காரவில்லை, ஒரு முனை மேலே தூக்கி நிற்கிறது. தளத்தின் இரு முனைகளிலிருந்தும் கீழ்த்தரை வரை அளந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

வண்ணம் சொரசொரக்கிறது, வெள்ளையில் மஞ்சள் கறை எழுகிறது

முதல் பூச்சு வண்ணத்தின் நீர் மரநாரை எழுப்பிவிடும். அது குறை இல்லை. காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அடுத்த பூச்சு கொடுங்கள். கடைசிப் பூச்சுக்கு முன் 320 எண். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கிட்டில் வெட்டிய ஓரங்கள் மட்டும் வண்ணத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஓரங்களில் மட்டும் நீர்த்த வெள்ளைப் பசையைத் தடவிக் காயவைத்துத் தேய்த்தபின் வண்ணம் அடியுங்கள். இடைவெளிகளுக்குப் பட்டி பார்ப்பதானால் பிரைமருக்குப் பின் பாருங்கள். எங்கே ஓட்டை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

மஞ்சள் அல்லது பழுப்புக் கறை என்பது மரத்தின் சாறு நீரில் கரைந்து மேலே வருவது. மேலே மேலே வெள்ளை அடித்தால் நிற்காது. தச்சர்கள் மேசை நாற்காலிக்குப் பூசும், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு வண்ணம் அடியுங்கள். கறை அங்கேயே நின்றுவிடும். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும், சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

சுவர்த்தாள் குமிழ்கிறது, சுருங்குகிறது

நீர்த்த பசை தாளை விரிய வைக்கிறது, அதனால் சுருக்கம். பசையைச் சுவரில் மெல்லிய படலமாக உருளையால் தேய்த்து, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். சிறு குமிழ்களை அப்படியே விடுங்கள். பல காயும்போது தாமே அடங்கும். அடங்காததை ஊசியால் குத்தி அழுத்துங்கள்.

வீடு எழுந்தபின் உள்ளே கைபோகாத மூலைகளில் தாள் ஒட்ட வேண்டுமானால், மெல்லிய அட்டையைச் சுவர் அளவுக்கு வெட்டி, சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, தாளை அட்டையில் ஒட்டிக் காயவைத்து, அட்டையோடு உள்ளே செருகுங்கள். நாளைக்கு வேறு தாள் பிடித்திருந்தால் எடுத்து மாற்றவும் முடியும். எனக்கு இதுவே எல்லா முறைகளிலும் பிடித்தமானது.

மைதாப் பசை வேண்டாம். இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அதைத் தேடி வரும். புத்தகம் தைப்பவர்கள் பூச்சிக்கு அஞ்சிப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் வீட்டில் சேர்க்கவே கூடாது.

கதவு இறுகுகிறது, சன்னல் கண்ணாடி மங்கிவிட்டது

கதவு ஓரத்திலும் நிலையிலும் இரண்டிரண்டு பூச்சு ஏறினால் இடைவெளி காணாமல் போகிறது. உப்புத்தாளை நிலைக்கும் கதவுக்கும் நடுவே நுழைத்து இழுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் தேயும். கண்ணாடிக்குப் பதிலாக வரும் தெளிவான பிளாஸ்டிக் தாள் வெண்மையாக மங்கியிருந்தால் காரணம் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையின் ஆவி. துடைத்தால் முழுதாகப் போகாது, தாளை மாற்றுவதே எளிது. கண்ணாடியைக் கடைசியில் வெள்ளைப் பசையால் பொருத்துங்கள்.

கூரை கூடவில்லை, மரச்சில்லு சுருள்கிறது

முகட்டில் இரு பலகைகளும் சந்திக்காமல் வாய் திறந்து நின்றால், சுவர்களின் உச்சி வெளியே விரிந்திருக்கும். கூரையை ஒட்டுவதற்கு முன் சுவர்களின் தலையை டேப்பால் நெருக்கிக் கட்டிவிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரும்பாலும் மூடும். மீதி நிற்கும் 2 மி.மீ. இடைவெளியை முகட்டின்மேல் ஒட்டும் மரப்பட்டை மறைத்துவிடும்.

கூரைமேல் ஓடு போல அடுக்கும் மெல்லிய மரச்சில்லுகளை வெள்ளைப் பசையில் ஒட்டினால், அடிப்பக்கம் நனைந்து ஓரங்கள் மேலே சுருளும், சில சமயம் கூரைப் பலகையே வளையும். நீர் கலக்காத ரப்பர் பசையில் ஒட்டுங்கள். நல்ல காற்றோட்டம் வேண்டும், அருகில் விளக்கோ அடுப்போ கூடாது. கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மேலே செல்லுங்கள், ஒவ்வொரு வரிசைக்கும் கீழ் ஓரத்திலிருந்தே அளந்து பென்சில் கோடு போடுங்கள். முந்தைய வரிசையைப் பார்த்து அடுத்ததை வைத்தால் நான்காம் வரிசையிலேயே அலை தெரியும்.

பொம்மை உள்ளே நுழையவில்லை

1:12 வீட்டில் ஆறடி மனிதர் 6 அங்குலம். பார்பி பொம்மை பதினொன்றரை அங்குலம், கிட்டத்தட்ட 1:6 அளவு. அவளுக்கு இந்த வீட்டில் கூரை இடிக்கும். கட்டியபின் இதற்கு மருந்து கிடையாது. வாங்கும்போதே வாசல் உயரத்தைப் பாருங்கள். பெரியவர்கள் சேகரிக்கும் பொம்மை வீடுகளின் பொது அளவு 1:12 தான். ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த எட்வின் லுட்யன்ஸ் 1924இல் பிரிட்டன் அரசி மேரிக்குக் கட்டி முடித்த பொம்மை வீடும் அதே அளவு. குழாயில் தண்ணீரும் அறைகளில் மின்விளக்கும் உள்ள அந்த வீட்டை விண்ட்சர் கோட்டையில் இன்றும் பார்க்கலாம்.

விளக்கு எரியவில்லை

இதை அணுகும் வரிசை முக்கியம்: மின்சாரம் வரும் இடத்திலிருந்து விளக்கை நோக்கி வாருங்கள். சிறு கிட்களில் முதலில் பேட்டரி, அதன் பிளஸ் மைனஸ் பக்கம். அடுத்து வயரின் முனை. மெல்லிய வயர்களில் மேற்பூச்சு கண்ணுக்குத் தெரியாது, கத்தியால் செம்பு பளிச்சிடும் வரை சுரண்ட வேண்டும். பிறகு எல்.இ.டி. அது மின்சாரத்தை ஒரே திசையில்தான் விடும். இரு வயர்களையும் மாற்றிப் பிடித்துப் பாருங்கள். 3 வோல்ட் எல்.இ.டி.யை 12 வோல்ட்டில் நேராகக் கொடுத்திருந்தால் அது கருகியிருக்கும், புதியது வாங்குங்கள்.

பெரிய வீடுகளில் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வரும். அமெரிக்காவிலிருந்து வந்ததானால் அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் சுவர்ச் சாக்கெட்டில் செருகாதீர்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம்முடைய 230 வோல்ட்டில் அது எரிந்துபோகும். 100–240 என்றிருந்தால் பயமில்லை. வீட்டுக்குள் எந்த நிலையிலும் 230 வோல்ட் வயர் போகக்கூடாது.

வயரைச் சுவர்த்தாளுக்குப் பின்னால் மறைப்பதற்கு முன் ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டுப் பாருங்கள். மறைத்தபின் அணைந்தால், வயரைப் பசையால் ஒட்டாமல் குழியிலோ குழாயிலோ விட்டிருந்தால் வழி இருக்கிறது. புதிய விளக்கின் வயரைப் பழைய வயரின் முனையோடு முடிந்து, மறுமுனையிலிருந்து பழையதை மெல்ல இழுங்கள். புதியது அதன் பின்னாலேயே உள்ளே வந்துவிடும். ஒட்டிவிட்டிருந்தால் சுவரைக் கிழிக்க வேண்டாம். அந்த அறைக்கு மட்டும், உத்தரத்தில் ஒட்டிக்கொள்ளும் தனி பேட்டரி விளக்கு ஒன்றை வையுங்கள்.